மேட்டு வீடு

அப்பா,

இத்தாலியிலிருந்து லீவில் வந்திருக்கிறேன். நேற்று இங்கே மின்னி பே வீட்டில் என் பெட்டியைத் திறந்த அம்மா, துவைக்காமல் மடித்து வைத்திருந்த சட்டை ஒன்றை மூக்கருகே வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். "உங்கப்பா சட்டை வாசம் அடிக்குதுடி" என்றாள். கட்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிவிட்டு நீங்கள் வரும்போது அடிக்குமே, அந்தப் புளிப்பு. இது திராட்சைப் புளிப்பு. இத்தாலியில் நான் பார்த்துக்கொள்ளும் கிழவியின் தோட்டத்தில் அறுவடைக்கு நானும் கூடை தூக்கினேன்.

அந்த ஊரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குன்றின் தலையில் கல்வீடுகள், ஒன்றையொன்று தோளால் இடித்துக்கொண்டு. சரிவெல்லாம் திராட்சை, நீங்கள் பிறந்த இலங்கைத் தோட்டத்துத் தேயிலை போலவே நிரை பிடித்து. ஆனால் இலங்கையில் உச்சியில் தொரை பங்களா, அடியில் உங்கள் லயத்து வரிசை வீடுகள். இத்தாலியிலோ கூலிக்காரர்களே உச்சியில். பள்ளத்தில் இருந்தால் காய்ச்சல், கொள்ளை என்று அந்தக் காலத்திலேயே மேலேறிக் கட்டிக்கொண்டார்களாம். பிரபுவின் கோட்டையில் இன்று மதில் மட்டும் மிச்சம். வேலைக்காரர் வீடுகளில் அடுப்பு எரிகிறது. காலையில் இறங்கி, சாயங்காலம் ஏறி முழங்கால் தேய்ந்ததுதான் அவர்கள் சரித்திரம்.

கட்சாலில் நம் ரப்பர் தோட்டத்தில் மேட்டுக் குவார்ட்டர்ஸ் காலியானபோது சூப்பர்வைசர் உங்களைத்தான் முதலில் கேட்டார். அம்மா பாத்திரங்களைக்கூடக் கட்டிவிட்டாள். "சோடோ, விடு" என்று இந்தியும் தமிழுமாய்ச் சொல்லிக் கையை உதறினீர்கள். "மேடு தொரைக்கு, பள்ளம் நமக்கு. ஏறிக் குந்துனா ஒருநாள் எறக்கி விட்டுருவாங்க."

தொரையே இல்லாத தீவு அப்பா அது.

கடல் ஏறி வந்த காலையில் நானும் அம்மாவும் இங்கே சித்தி வீட்டில் இருந்தோம். நீங்கள் கரையோர வீட்டில். மேட்டு வீட்டின் படிகூட நனையவில்லை என்று பிறகு சொன்னார்கள். அன்று உங்கள் மேல் வந்த கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை. செத்தவரோடு சண்டை போட்டு என்ன லாபம் என்று அம்மா திட்டுவாள்.

இத்தாலிக்குப் போன புதிதில் கிழவியின் மகன் மாடி அறையைத் திறந்து காட்டினார். ஜன்னல் நிறையச் சரிவு. பிடித்திருக்கிறதா என்று கேட்டார். அவ்வளவு பிடித்திருந்தது. "எனக்குக் கீழ் அறை போதும்" என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று உறைத்தது.

மாடி அறையை அவர் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. நானும் ஏறவில்லை, அப்பா.