தணிகாசலத்தின் ‘ஃபிட்’ முத்திரை

மார்ச் 4, செவ்வாய். சித்தூர்.
காலையிலேயே வெயில். மாம்பழக்கூழ் ஆலை திறப்பு விழா. மந்திரி இரண்டு மணி நேரம் தாமதம். பேச்சு பழைய பேச்சு. பத்திரிகைக்கு நாலு வரி போதும்.

வீட்டில் தங்கை கஸ்தூரியின் புருஷன் தணிகாசலம், மைசூர்பாகோடு. குவைத் டிரைவர் வேலைக்கு மெடிக்கல் பாஸ். ‘ஃபிட்’ முத்திரையைத் தடவித் தடவிக் காட்டினான். ரத்தப் புற்றுநோய்க்காரன். நாலு வருஷமாகத் தினம் ஒரு மாத்திரை. ஜனவரியிலேயே நிறுத்திவிட்டானாம். ஏஜென்ட் யோசனை: மாத்திரை மூத்திரத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

“‘ஏமி காது’, ஒண்ணும் ஆகாதுன்னாரு ஏஜென்ட்டு. அந்த கேன்சர் ஜீனே இல்லன்னு திருப்பதி ரிப்போர்ட்ல வந்துடுச்சி. இல்லாத நோவுக்கு எதுக்கு மச்சான் துன்னுக்கினே இருக்கணும்?”

அந்த மெடிக்கலில் பார்ப்பது காசநோய், எய்ட்ஸ், மஞ்சள் காமாலை. ஏஜென்ட் பத்தாவது ஃபெயில். எலும்பு மஜ்ஜையைப் பற்றித் தீர்ப்பு சொல்கிறான்.

மார்ச் 6, வியாழன். திருப்பதி.
அவனை வழக்கமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் குவைத் வண்டிகளின் ஏ.சி. புராணம். ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா, பொறுமையாக: “இல்லன்னு போடலைங்க. தெரியலைன்னுதான் போட்டிருக்கோம். கருவிக்கு எட்டாத அளவுல இருக்கலாம். நிறுத்திப் பார்க்கறதும் உண்டு, மாசாமாசம் ரத்தம் பார்த்துக்கிட்டு. சிலருக்கு நோய் திரும்பறதில்லை. நீங்களா நிறுத்தினது தப்பு.”

தலையாட்டினான். ‘திரும்பறதில்லை’ மட்டும் காதில் விழுந்திருக்கும்.

மார்ச் 19, புதன்.
ரிசல்ட். ஜீன் மறுபடி தெரிகிறது. உடம்பில் இன்னும் தொந்தரவு எதுவும் இல்லை. உடனே மாத்திரையை ஆரம்பித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும் என்கிறார் டாக்டரம்மா. மூன்று மாத மாத்திரை வாங்கினேன். ஏஜென்ட் போனில்: “பெட்டியில மாத்திரை இருந்தா ஏர்போர்ட்லயே புடிச்சுடுவான் சார்.”
டாக்டர் சீட்டு இருந்தால் பிடிக்கமாட்டார்கள் என்றேன்.
“நீங்க எத்தினி தபா குவைத் போனீங்க சார்?”

மார்ச் 23, ஞாயிறு.
மத்தியானம் கார். சென்னை ஏர்போர்ட்டுக்கு. மாத்திரையை நீட்டினேன். தணிகாசலம் பர்ஸிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான். எப்போதோ நான் எழுதிய செய்தி, என் பெயரோடு: ‘ஒரே மாத்திரையில் ஒழிந்தது ரத்தப் புற்றுநோய்’. மருந்துக் கம்பெனிக்காரன் ஓட்டல் சாப்பாட்டோடு கொடுத்த குறிப்பு. எந்த டாக்டரையும் கேட்கவில்லை. தலைப்பும் ஆபீஸ் டெஸ்க்கில் போட்டதல்ல. நானே போட்டது.

“தப்பு மாப்ளே. விசாரிக்காம எழுதிட்டேன்.”

கஸ்தூரி அழுதாள். “அண்ணனே சொல்லுது, வாங்கிக்கோய்யா.”

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்துக்கொண்டான்.

“அன்னிக்கு விசாரிக்கல. இன்னிக்கு மட்டும் விசாரிச்சீங்களாக்கும்?”

கார் போய்விட்டது. மாத்திரை என் கையில்.