மரை கழன்ற பெட்டி

என்னங்க,

ஒருநாளும் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கடிதத்திலும் இப்படியே இருக்கட்டும். ஆனால் இன்று சண்டை போடத்தான் எழுதுகிறேன்.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததுமே உங்கள் தம்பி நம் மேஜிக் பெட்டியைக் கேட்டார். "ஷோவ நான் பாத்துக்கறேன் அண்ணி. பொம்பள தனியா நின்னுகினு மேஜிக் பண்ணா எவன் பாப்பான்? அந்தப் பெட்டிய மாட்டவே ரெண்டு ஆளு வேணும்."

பெட்டி விஷயத்தில் அவர் சொன்னது நிஜம். இருபது வருஷம் அதற்குள் புகுந்து மறைந்தவளுக்குத் தெரியாதா? இருபத்துநாலு போல்ட், இரண்டு ஸ்பேனர், அரைமணி நேரம். கிளிப் போடலாமே என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்த மனுஷன் நீங்கள். "உள்ள நீ இருக்க. போல்ட்டுதான்" என்பீர்கள். அதற்குமேல் நான் என்ன பேசுவது?

இப்போது பேசுகிறேன். நீங்கள் ஷிப்டுக்குக் கொண்டுபோன டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு மந்தாரக்குப்பம் வெல்டிங் கடைக்குப் போனேன். சைக்கிளில் அத்தனை வருஷம் ஆடியும் ஒரு சொட்டு சாம்பார் சிந்தியதா? இதே மாதிரி, அழுத்தினால் பூட்டிக்கொள்கிற, நெம்பினால் திறக்கிற கிளிப் எட்டு வேண்டும் என்றேன். போல்ட் மொத்தத்தையும் கழற்றிப் போட்டேன். "அண்ணிக்கு மரை கழண்டுபோச்சு" என்று நம் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார் உங்கள் தம்பி. ஆமாம், கழன்றுதான் போச்சு. நானேதான் கழற்றினேன்.

போன ஞாயிறு நம் பிளாக்கில் பொங்கல் விழா. எல்லார் கண்ணெதிரேயும் மேடையில் நான் ஒருத்தியாகவே பெட்டியை மாட்டினேன். டக், டக், டக். ஒரு பாட்டு முடிவதற்குள் பெட்டி நின்றுவிட்டது. முன்வரிசையில் உங்கள் தம்பி, சிரிக்கத் தயாராக. "உள்ள வாங்க தம்பி" என்று அவரையே கூப்பிட்டேன். ரகசியம் தெரிந்த ஆள்தானே? கூட்டம் கைதட்டும்போது எப்படி மறுப்பார்?

கதவைச் சாத்தும்போது உள்ளேயிருந்து ஒரு மெல்லிய குரல். "அண்ணி... கிளிப்பு நல்லா மாட்டிகினு இருக்குதுங்களா?"

"இருபது வருஷமா உள்ள இருந்தேன். நான் ஒருநாளாவது கேட்டேனா தம்பி?"

திறந்தேன். பெட்டி காலி. அந்தக் கைதட்டலைக் கேட்க நீங்கள் இல்லையே என்று மேடையிலேயே உங்கள்மேல் கோபம் வந்தது. இப்படியா பாதியில் விட்டுப் போவது?

மாட்டி முடித்ததும் ஒவ்வொரு போல்ட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தானே என்னை உள்ளே விடுவீர்கள்? இனி உள்ளே யார் போனாலும், எட்டு கிளிப்பையும் அப்படி நான் இழுத்துப் பார்ப்பேன். பெட்டியை மட்டும் யாருக்கும் தரமாட்டேன்.

இப்படிக்கு,
பெட்டிக்கு வெளியே வந்துவிட்ட
உங்கள் மனைவி