முதல் வாய்ப் பால்

ஜூன் 3, செவ்வாய்

சுருளி அண்ணே பதில் போட்டுட்டார்! எனக்கு!

அவர் சேனலில் ஒரு வீடியோ விடாமல் பார்த்தவள் நான். தொப்புளில் அயோடின் வைப்பது, கன்று பிறந்த அரை மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுப்பது, எல்லாமே அவர் சொல்லித்தான் தெரியும். இப்போது எங்கள் தொழுவத்துக்கே வந்து வீடியோ எடுக்கப் போகிறாராம். எங்கள் பசு செம்பிக்கு இது நிறைமாசம். "கன்னு போடுற அன்னைக்குக் கூப்புடும்மா. சிம்மக்கல்லுல இருந்து மேலூர் எம்புட்டுத் தூரம், ஓடி வாரேன்." அந்த வாய்ஸ் மெசேஜை இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். சாணி அள்ளிக்கொண்டே, "வந்து சாணி அள்ளுவாராமா?" என்றாள்.

ஜூன் 6, வெள்ளி

வீட்டில் பெரிய சண்டை.

எங்கள் வீட்டில் மாடு கன்று போட்டால், நஞ்சுக்கொடி விழும்வரை மடியில் யாரும் கை வைக்கக் கூடாது. கன்றையும் விடமாட்டார்கள். விழுந்த பிறகு முதல் சொம்பு முனியாண்டி சாமிக்கு, அப்புறம் தெருவில் நாலு வீட்டுக்கு. மிச்சம்தான் கன்றுக்கு. போன வருஷம் இரண்டு கன்றுகள் கழிச்சலில் செத்ததே இதனால்தான் என்று கத்தினேன். சீம்பால் வயிற்றுக்குள் போக நேரம் ஆக ஆக, நோயைத் தடுக்கிற சக்தி குறைந்துகொண்டே போகும் என்று வீடியோவைக் காட்டினேன்.

"ஊருக்கெல்லாம் மாடு தொழுவத்துல நிக்குது. ஒனக்கு மட்டும் போனுக்குள்ள நிக்குது" என்றாள் அம்மா.

கடைசியில் அப்பா தீர்ப்புச் சொன்னார். செம்பி போடுகிற கன்று என் பொறுப்பு. நல்லபடியாக வளர்த்துக் காட்டினால் தொழுவத்தையே என்னிடம் விட்டுவிடுவார். இல்லையென்றால் நான் வாயை மூடிக்கொண்டு மதுரைக்கு, ஜவுளிக்கடை வேலைக்குப் போகவேண்டும்.

ஜெயிச்சுட்டேன்!

ஜூன் 11, புதன்

விடிந்ததும் செம்பி கன்று போட்டுவிட்டது. கிடேரி! செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. தானாக எழுந்து நின்றது. உடனே சுருளி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"பால் குடிக்க விட்றாதம்மா. முதல் வாய் கேமராவுல வரணும். அரை மணி நேரத்துல வாரேன்."

அரை மணி நேரம்தானே. அவரே சொல்கிறாரே. செம்பிக்கு எட்டாத தூரத்தில் கன்றைக் கட்டினேன்.

மறுபடி கேட்டபோது அழகர்கோவில் பக்கம் இன்னொரு பண்ணையில் இருந்தார். இன்னும் அரை மணி நேரம் என்றார். அடுத்த தடவையும் அதே அரை மணி நேரம். கன்று காம்பைத் தேடிக் கட்டுத்தறியை நக்கியது. கயிற்றைச் சப்பியது. சுவரைச் சப்பியது. செம்பி கத்திக்கொண்டே இருந்தாள். "கன்னை இன்னும் விடலையாத்தா?" என்று அப்பா இரண்டு தரம் வந்து கேட்டார். அண்ணே வந்துக்கிட்டே இருக்கார்பா என்றேன்.

வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. கன்றைப் பார்த்து முகம் சுளித்தார். "காஞ்சு போச்சேம்மா. இப்பப் பொறந்த மாதிரி தெரியணும்ல? கொஞ்சம் தண்ணி ஊத்து."

ஊத்துனேன். நான்தான் ஊத்துனேன். ஒரு வாளி. அது நடுங்குச்சு.

அப்புறம் அவர் கேமராவைப் பார்த்து, "பொறந்து அரை மணி நேரத்துக்குள்ள சீம்பால்!" என்று சொன்னார். பக்கத்தில் நின்று தலையாட்டினேன். கன்று கொஞ்சம் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. செல்பி எடுத்துக்கொண்டோம்.

இம்புட்டு வீடியோ பாத்தவ நான்தான? எனக்குத் தெரியாதா?

ஜூன் 12, வியாழன்

வீடியோ வந்துவிட்டது. 'மேலூர் தங்கச்சியின் சீம்பால் ரகசியம்'. ஒரே இதயக்குறி மழை. அம்மா பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள்.

ஜூன் 13, வெள்ளி

கன்று வெள்ளையாகக் கழிகிறது.

ஜூன் 14, சனி

கால்நடை டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். கன்றின் வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. "சீம்பால் எப்பக் குடிச்சுச்சு?" என்று டாக்டர் கேட்டார். அப்பா முந்திக்கொண்டு, "பொறந்த ஒடனேங்க" என்றார்.

அப்படின்னா தேறிரும் என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர்.

அப்பா எனக்காகப் பொய் சொல்லி இன்றுதான் கேட்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

போயிருச்சு.

ஜூன் 16, திங்கள்

அப்பா தென்னைக்கு அந்தப் பக்கம் குழி வெட்டினார். செம்பி கத்துவதை நிறுத்தவில்லை. அம்மா அவளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"நஞ்சு விழுற வரைக்கும்தான் நான் காத்திருக்கச் சொன்னேன். அன்னைக்குக் காலையில கஞ்சி குடிக்கிற நேரத்துக்கே விழுந்துருச்சு."

அடித்திருக்கலாம்.

ஜூன் 20, வெள்ளி

சுருளிக்குப் போன் போட்டேன். (இனி அண்ணன் கிடையாது.) கன்று என்றால் ஒன்றிரண்டு போகத்தான் செய்யும், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கமெண்ட்ல எதுவும் போட்டுறாதம்மா. வீடியோ நல்லாப் போய்க்கிட்டு இருக்கு" என்றார்.

போட்டேன். 'அந்தக் கன்று செத்துவிட்டது. பிறந்தது விடியற்காலை, பால் குடித்தது சாயங்காலம்.' கொஞ்ச நேரத்தில் காணோம். மறுபடி போட்டேன். என்னை பிளாக் பண்ணிவிட்டார்.

தம்பியின் போனை வாங்கிப் பார்த்தேன். யாரோ ஒருத்தர், 'குட்டிக்கு என்ன பேர் வச்சீங்க?' என்று கேட்டிருந்தார். அதற்குச் சுருளி ஒரு இதயக்குறி போட்டிருக்கிறார். பேரே வைக்கலடா. அதுக்குள்ள எங்க வச்சோம்?

ஜூன் 28, சனி

ஜவுளிக்கடை பற்றி அப்பா இன்னும் பேச்சே எடுக்கவில்லை. எடுத்தால் தேவலை.

ஜூலை 9, புதன்

நான் தொழுவத்துக்குள் போவதையே விட்டிருந்தேன். காலையில் அம்மா கூப்பிட்டாள்.

எங்கள் இன்னொரு பசு மச்சக்காரி கன்று போட்டிருந்தது. காளைக்கன்று. அம்மா துணியால் துடைத்துவிட்டு, தொப்புளுக்கு என் அயோடின் பாட்டிலைத் திறந்து வைத்திருந்தாள். நஞ்சு இன்னும் விழவில்லை, தொங்கிக்கொண்டிருந்தது. முனியாண்டிச் சொம்பு சுவர் ஓரம் கவிழ்ந்தே கிடந்தது. அம்மா கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். அது மடிக்கு முட்டிக்கொண்டு திமிறியது.

"யாருக்கும் போன் போடணுமா, இல்ல விடவா?"

"விடும்மா."

கையை எடுத்தாள்.