பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பை மாற்றிவிட்டேன், பிரபு

என் பங்காளி பிரபுவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க முடியாத கடிதம். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் கிடாரில் கை வைத்துவிட்டேன். கம்பிகள் ஊன்றும் பிரிட்ஜ் பக்கத்தில் இருந்து அதிர்வைப் பிடித்துத் தந்த பிக்கப்பைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டியிருக்கிறேன். கோபப்படுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

நீ கண்ணை மூடிய பிறகு அந்தக் கிடார் பல்லடத்தில், உங்கள் தறிக்கூடத்து மாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் அன்வரும் அந்தப் பக்கமே போகவில்லை. என் பாஸ் கிடாரும் அவன் டிரம்ஸும் மட்டும் வைத்துக்கொண்டு நம் பேண்டை எப்படி நடத்துவது? தறியை இப்போது உன் தங்கச்சி கௌரிதான் ஓட்டுகிறாள். உனக்குத் தெரியாத செய்தி ஒன்று சொல்லட்டுமா? சாயங்காலம் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் மாடிக்குப் போய் உன் கிடாரை வாசித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கம்பியை மீட்டப் பிக் கிடையாது, வெறும் விரல். எங்களிடம் மூச்சு விடவில்லை.

கிடார் கெட்டுப்போனதால்தான் எனக்கே தெரிய வந்தது. போன் பண்ணினாள்.

"ஏனுங்கண்ணா, கிடாரு ஒரே உறுமலா இருக்குதுங்க. கீழ தறி ஓடறது பூராம் அதுக்குள்ள கேக்குதுங்க."

சிங்காநல்லூரில் இருந்து மல்டிமீட்டரோடு போனேன். பிரிட்ஜ் பக்கத்து ஹம்பக்கர் பிக்கப்பில் இரண்டு சுருளில் ஒன்று செத்திருந்தது. உனக்குத்தான் தெரியுமே, அந்த மாடியில் ஒற்றைச் சுருள் எடுபடாது. கீழே அத்தனை மோட்டார், மேலே டியூப் லைட். இரண்டு சுருளும் எதிரெதிராக நின்று இரைச்சலை அடித்தால்தான் கம்பியின் சத்தம் மட்டும் மிஞ்சும். இல்லாவிட்டால் கிடாரும் ஒரு தறிதான்.

"மாத்திக் குடுங்கண்ணா. அப்பவும் என்ற கைக்கு வரலீன்னா குடுத்துப்போடலாம்னு இருக்கேன். சத்தியமங்கலத்துல இருந்து ஒரு தம்பி கேட்டுட்டே இருக்கறாரு. அம்மாவுக்கும் அது சும்மா தொங்கறதைப் பார்க்க முடியறதில்லீங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகம் பார்த்தேன், தெரிந்தது.

நான் மோட்டார் வைண்டிங் பார்க்கிறவன். எரிந்த மோட்டார் வந்தால் பழைய சுருளில் எத்தனை சுற்று, என்ன கனத்துக் கம்பி என்று எண்ணுவோம், அச்சு அசலாக அதையே சுற்றி அனுப்புவோம். இதற்கும் அதே கணக்குத்தான் போட்டேன். உன்னுடையது முரட்டு பிக்கப். செராமிக் காந்தம், கொள்ளுகிற மட்டும் சுற்றிய கம்பி. நல்லவேளையாக உயிரோடு இருந்த சுருளின் மின்தடையை ஓம் கணக்கில் அளந்து, அதற்கு இணையான பிக்கப்பைத் தேடினேன். ஆன்லைனில் ஒருத்தன் இதமானது என்கிறான், இன்னொருத்தன் கண்ணாடி மாதிரி என்கிறான். இது என்ன அளவுடா? எனக்கு எண் வேண்டும். எண் பொருந்துவதாக ஒன்றை வாங்கி மாட்டினேன்.

இரைச்சல் சுத்தமாக நின்றது. கௌரி வாசித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"தறிப் பாவு நூலுக்குக் கஞ்சி அதிகமாப் போட்டாப்ல இருக்குதுங்கண்ணா. நூலே தெரியல, எல்லாம் ஒண்ணா அப்பிக்குது."

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "உங்க அண்ணன் சவுண்டு இதுதான் அம்மணி. அளந்து பார்த்து மாட்டியிருக்கேன்."

"அண்ணன் சவுண்டு அண்ணன் கையில இருந்துச்சுங்க. நான் அவனாட்டம் போட்டுச் சாத்த மாட்டேன்."

அன்வர் டிரம்ஸ் மேலிருந்த தூசியைத் துடைத்தபடி சொன்னான்: "போர்வெல் மோட்டாரைக் கொண்டாந்து பால்கனித் தொட்டிக்கு வெச்சுப்போட்டு, செடி ஏன் சாயுதுங்கறான் பாரு."

வீடு வரும் வரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் கணக்கு அங்கேதான் தப்பியிருந்தது. நான் உனக்காகவே பிக்கப் தேடியிருக்கிறேன், பிரபு. வாசிக்கப் போவது நீ இல்லை என்பதை எந்தக் கட்டத்தில் மறந்தேன்?

அடுத்த தடவை எண்ணைத் தொடவில்லை. கௌரி வாசிப்பதை போனில் பதிந்து, காரில் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன். விரல் கம்பியை விடும் இடத்தில் ஒரு சின்ன மூச்சு கேட்கும். அது தப்பாமல் வர வேண்டும், அவ்வளவுதான் என் தேவை. சுற்று குறைவாக, மென்மையான அல்நிகோ காந்தத்தோடு ஒன்றை எடுத்தேன். சத்தம் கம்மிதான். நீ பார்த்திருந்தால் கொசு பிக்கப் என்றிருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினோம். அன்று மத்தியானம்தான் சத்தியமங்கலத்துத் தம்பி கிடாரை எடுத்துப்போக வருவதாக இருந்தது. பிரிட்ஜை மட்டும் வைத்து வாசித்தாள். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக நின்றது. அந்த மூச்சும் வந்தது. ஆனாலும் அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. "நல்லா இருக்குதுங்கண்ணா" என்றாள், விருந்தில் உப்புக் குறைந்த குழம்பைச் சொல்வது மாதிரி. கிடாரின் கழுத்தை ஒட்டி, நெக் பக்கம் இருக்கும் இன்னொன்று உன்னுடைய பழைய பிக்கப், அதை நான் தொடவே இல்லை. அதுவும் சரியாக இருந்தது. பிறகு ஸ்விட்சை நடுவில் வைத்தாள், இரண்டும் சேர்ந்து பேசும் இடம்.

பேசவில்லை. சண்டை போட்டன. கனத்த கீழ்ச்சத்தம் மொத்தமும் காணாமல் போய், மூக்கால் பேசுகிற மாதிரி ஒல்லியாக ஒரு சத்தம் வந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. நான் போன தடவை மாட்டிய பழக்கத்திலேயே சால்டர் வைத்துவிட்டேன். உன்னுடையது மேலே தள்ளும்போது இவளுடையது கீழே இழுக்கிறது. மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் இரண்டு ஒயரை மாற்றிப் போடுவோமே, அதே வேலைதான். சால்டரிங் அயர்னைச் சூடேற்றிவிட்டுக் கிடாருக்குக் கை நீட்டினேன்.

கௌரி தரவில்லை. வாசித்துக்கொண்டே இருந்தாள். கீழே தறி ஓடுகிறது, மேலே அந்த மூக்குச் சத்தம். தறிச் சத்தத்தில் அமுங்காமல் நடுவில் தனியாகத் தெரிந்தது.

"குடு அம்மணி, தப்பா இருக்குது. அஞ்சு நிமிசம்."

"தப்புன்னா இருக்கட்டுங்கண்ணா."

"ரெண்டும் எதிரெதிரா இருக்குதுங்கறேன்."

"தெரியுதுங்க. அவன் ஒண்ணு சொன்னா நான் வேற சொல்லுவேன். நாங்க ரெண்டு பேரும் என்னிக்கு ஒத்துப் போனோம்?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அன்வர் குச்சியை எடுத்தான். "செந்திலு, நீ பண்ணுன தப்புலயே உருப்படியான தப்பு இதுதான்டா. அயர்னை அணைச்சுப் போட்டு பாஸை எடு."

எடுத்தேன். வாசித்தோம். மோசமாகத்தான் வாசித்தோம், அதையும் சொல்லிவிட வேண்டும். அன்வருக்குத் தாளம் துருப்பிடித்திருக்கிறது. நடுவில் உன் அம்மா படியேறி வந்து வாசலில் நின்றார்கள். மூன்று பேரும் நிறுத்திவிட்டோம். அழுவார்கள் என்று நினைத்தேன்.

"அவன் வாசிச்சா காதைப் பொத்திக்குவேன். இது கீழ கேக்கவே மாட்டீங்குது. கொஞ்சம் சத்தமா வெய்யி அம்மணி" என்றார்கள். "செந்திலு, அன்வரு, சாப்பிட்டுப்போட்டுத்தான் போவோணும் கண்ணுங்களா."

கௌரி போனை எடுத்துச் சத்தியமங்கலத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். "மன்னிச்சுக்கங்க தம்பி. கிடாரு குடுக்கறதில்லீங்க. நான் வாசிக்கறேனுங்க."

பிரபு, உன் செத்துப்போன பிக்கப் என் டூல் பெட்டியில்தான் இருக்கிறது. ஒரு நாள் சுற்றிப் பார்ப்பேன், முடிந்தால். அது வேறு கதை. தப்பான ஒயரிங் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தும் விட்டுவிட்டு வருவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் பல்லடம் போகும்போது கை அரிக்கிறது. கம்பி மாற்றுவேன், ஜாக் ஆடினால் இறுக்கித் தருவேன், ஸ்விட்ச் தேய்ந்தால் புதிது போடுவேன். அந்த இரண்டு ஒயரை மட்டும் தொட மாட்டேன். வேறு யாரையும் தொடவும் விட மாட்டேன். நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே இருங்கள்.

பாஸ் பிடித்து உங்களுக்கு நடுவில் நிற்கும்
உன் பங்காளி,
செந்தில்