கட்டின துணியையும் சேர்த்துப் பத்து

அக்கா,

இன்று காலை ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் மகளுக்கு வயிற்றைத் திறந்திருந்தார்கள். கார்பாலிக் வாடை மூக்கில் ஏறியதும் பயத்துக்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. சுவரில் ஒரு பலகை. தைத்து மூடுவதற்கு முன் துணிகளை எண்ண வேண்டுமாம். வாசித்துக் காட்டிய நர்ஸ், அந்தக் காலத்துப் பெரிய டாக்டர் கொண்டுவந்த முறை என்றாள்.

யார் கொண்டுவந்தது என்று எனக்குத் தெரியாதா?

இதே ஆஸ்பத்திரியின் சலவைக் கொட்டகையில்தானே நீயும் நானும் வெந்தோம். அறுவைத் துணி ஒன்பதை மடித்து, பத்தாவதால் சுற்றிக் கட்டி உள்ளே அனுப்புவாய். ரத்தத்தோடு திரும்பி வருவதைத் துவைத்து வேகவைத்து, மறுபடி அதே மாதிரி கட்டுவாய். சிங்கப்பூர்த் தேக்காவில் மாட்டுவண்டி ஓட்டிய என் வீட்டுக்காரருக்குச் சீழ்க்கட்டி என்று வயிற்றை அறுத்த மறுநாள், ஒன்பதை மடித்து வைத்துவிட்டு உன் கை துழாவியது. கட்டுவதற்குத் துணி இல்லை. கொடி, வாளி, சாக்கடை, எல்லாம் கிளறிப் பார்த்தோம். முந்தின நாள் அறுத்தது அவர் ஒருவரைத்தான்.

டாக்டருக்குக் கூடமாட நின்று கட்டுப் போடும் டிரஸ்ஸரிடம் ஓடினாய். காலரில் வெற்றிலைக் கறையோடு அந்த ஆள் சிரித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. “துணி தொவைக்கிறவ டாக்டருக்கு எண்ணச் சொல்லித் தர்றியா?”

என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் கொதித்தது. நீ இரண்டு நாள் சலவைப் பக்கமே போகாமல் வார்டு வாசலில் உட்கார்ந்தாய். பெரிய டாக்டர் வந்ததும் அவர் காலடியில் ஒன்பது துணியையும் ஒவ்வொன்றாக விரித்தாய். பத்தாவது இடத்தில் வெறும் கையை வைத்து, என் வீட்டுக்காரர் வயிற்றைக் காட்டினாய். டாக்டருக்குத் தமிழ் வராது, உனக்கு மலாய் சரியாக வராது. ஆனாலும் வெள்ளைக்காரர் முகம் வெளிறிப் போனது. மறுபடி திறந்தார்கள். துணி உள்ளே இருந்தது. என் வீட்டுக்காரர் பிழைத்தார்.

அடுத்த வாரமே உன்னை நிறுத்தினார்கள், இரண்டு நாள் வேலை செய்யாமல் வார்டு வாசலில் உட்கார்ந்தாயாம். நான் சண்டைக்குக் கிளம்பினேன். நீதான் தடுத்தாய்.

“நீ வாயத் தொறக்காத. உன் வேலயும் போனா அவருக்குக் கஞ்சி யாரு ஊத்துவா?”

மூடிக்கொண்டேன். அதற்கு உன் மேலும் கோபம்தான், அக்கா. என் மேல் அதைவிட. அந்த மாதமே பலகை ஏறியது. டிரஸ்ஸர்தான் எங்களை நிற்க வைத்துப் படித்தான், அவனே கண்டுபிடித்தது போல. உன் சாவுக்கும் அங்கிருந்து ஒருத்தரும் வரவில்லை.

இன்று நர்ஸ் வந்து, நல்லபடியாக முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் பாட்டி என்றாள். எத்தனை துணி போனது, எத்தனை வந்தது என்று கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்வந்து, பத்து, பத்து என்றாள்.

“கட்டுன துணியையும் சேத்தா?”

இன்னொரு தடவை போனாள். “சேத்துத்தான் பாட்டி. யாரு உங்களுக்கு இதெல்லாம் சொன்னது?”

உன் பேரைச் சொன்னேன். அவள் வாயால் திருப்பிச் சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை.