புண்ணுக்குக் காரணம் சூப் அல்ல

நீல்ஸ்,

ஓட்ஸ் கஞ்சி அடுப்பில் இருக்கிறது, ஆறவைத்துக் குடி. உன் வாய்ப்புண்ணுக்கு என் தக்காளி சூப்தான் காரணம் என்று நேற்று கத்தினாயே, அந்த சூப்பை நானே வேலைக்கு எடுத்துப் போகிறேன்.

"மன அழுத்தம் ஏதாவது உண்டா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல!" என்று பல்லை இளித்தாய். உன் அண்ணன் டுவெய்ன் நம் பனி அள்ளும் இயந்திரத்தை இரவல் வாங்கி மூன்று குளிர்காலம் ஆகிறது. பனி கொட்டினால் நீ கையால் அள்ளுகிறாய். இரண்டே நாளில் புண் வந்துவிடுகிறது. அவரிடம் அதைத் திருப்பிக் கேட்க உனக்கு வாய் வராது. என்னிடம் மட்டும் நன்றாகத் திறக்கும்.

மார்னா

பி.கு.: பத்து மணிக்கு டுவெய்ன் வருகிறார். மரம் அறுக்கும் ரம்பம் வேண்டுமாம். "தாராளமா எடுத்துட்டுப் போண்ணே" என்று சொல்வதற்கு முன், நாக்கால் அந்தப் புண்ணை ஒருமுறை தொட்டுப் பார்.