நெகட்டிவ் வந்த வாரம்

ஜூன் 5, புதன்

வெயில் இல்லை. புழுக்கம். ஃபேக்டரி வாசலில் மாங்காய் லாரி பாதி ரோடு வரைக்கும். தோல், கொட்டை நாற்றம் என் சட்டையோடு வீட்டுக்கு வருகிறது. மனைவி எஸ்தருக்கு அதற்கும் சேர்த்து இருமல்.

வாங்க: குக்கர் வாஷர், சுக்கு, எ.வுக்கு இருமல் சிரப்.

திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் போன் இல்லை. எ. நுரையீரல் கட்டியில் எடுத்த துண்டில் ஏதோ ஒரு புரோட்டீன் இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். போன வாரம் டாக்டர் தெலுங்கில் கடகடவென்று சொன்னார். இரண்டு பேரும் நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தோம். என்ன புரிந்தது என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ளவில்லை.

மகள் ஜெனி டாலஸிலிருந்து 20ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். வந்தால் திரும்பிப் போக விசா முத்திரைக்கு இங்கே காத்துக் கிடக்க வேண்டும், வேலைக்கே ஆபத்து. எ. தினம் போனில் வராதே, வராதே என்று ஒரே பாட்டு.

ஜூன் 7, வெள்ளி

பதினோரு மணிக்கு போன் வந்தது. பாய்லர் சத்தம். ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். ஆஸ்பத்திரி லேப் பெண். "நெகட்டிவ் வச்சிந்தி சார்." நெகட்டிவ் வந்திருக்கிறதாம். மேலே ஏதோ சொன்னாள். எனக்கு அதுவே போதும்.

டிரம்களுக்கு நடுவில் நின்று அழுதேன். இருபது வருஷமாக மாம்பழக் கூழ் சாம்பிள் பார்க்கிறவன் நான். கிருமி நெகட்டிவ் என்றால் டிரம் கப்பலேறும். கொரோனாவில் நெகட்டிவ் என்றால் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் எனக்குத் தெரியாது.

அரை நாள் லீவு. எ.விடம் சொன்னேன். அப்புறம் பசிக்கிறது என்றாள். அந்த வார்த்தை கேட்டு எத்தனை நாள். மூன்று இட்லி, காரச் சட்னி.

தம்பி, பக்கத்து வீடு, சர்ச் ஐயர், எல்லாருக்கும் நானே சொன்னேன். ஐயர் ஸ்தோத்திரம் என்றார். 16ஆம் தேதி ஞாயிறு ஆராதனையில் எ. எழுந்து, கர்த்தர் சுகம் தந்தார் என்று சாட்சி சொல்லட்டும் என்றார்.

ஜூன் 8, சனி

ஜெனி டிக்கெட் கான்சல். எ.தான் பேசிப் பேசிச் செய்ய வைத்தாள். "அதான் நெகட்டிவ்னு நைனா சொல்ட்டாரே, நீ எதுக்குடி வேலைய உட்டுட்டு வர்ற?"

குக்கர் வாஷர் வாங்கியாயிற்று. சைஸ் தப்பு.

ஜூன் 10, திங்கள்

திருப்பதி. நான் மட்டும். ரிப்போர்ட் வாங்கத்தானே என்று எ. வரவில்லை.

டாக்டரிடம் முதலில் தேங்க்ஸ் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, உட்காருங்கள் என்றார். இந்த முறை மெதுவாகச் சொன்னார்.

உடம்பில் காவல் செல்கள் சுற்றிக்கொண்டே இருக்குமாம். கட்டி இந்தப் புரோட்டீனை மேலே மாட்டிக்கொண்டு, நானும் இந்த உடம்பின் ஆள்தான் என்று ஏமாற்றுமாம். எங்கள் கேட்டில் கழுத்தில் பாஸ் தொங்கினால் வாட்ச்மேன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே விடுவான், அப்படி. புது மருந்து அந்தப் பாஸைச் செல்லாததாக்கும். அப்புறம் காவல் செல்லே அடித்துத் துரத்தும். எ.வின் கட்டியில் அந்தப் பாஸ் இல்லை. நெகட்டிவ் என்றால் அதுதான். அந்த மருந்தை நம்பி இருக்க முடியாது.

பாஸ் இல்லாமல் எப்படி உள்ளே வந்தது என்று கேட்டேன். வேறு வழி இருக்கும், எல்லாம் இன்னும் தெரியாது என்றார். கீமோ கொடுத்துப் பார்க்கலாம், உடம்பு தாங்கினால். அப்போ பாசிட்டிவ் வந்திருந்தால் என்றேன்.

"அதே மனக்கு காவலசிந்தி," என்றார். அதுதான் வேண்டியிருந்ததாம்.

எத்தனை நாள் என்று கேட்டேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் இப்போதே வரச் சொல்லுங்கள் என்றார்.

பஸ் நிறைய மொட்டைத் தலைகள், லட்டு வாசனை. வழியில் சந்திரகிரி, பூதலப்பட்டு எதுவும் கண்ணில் படவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று வீட்டில் எ. கேட்டாள். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார் என்றேன். மெடிக்கலில் நானே வாங்கினது.

ஜூன் 12, புதன்

எ.விடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் ஜெபத்தில் இருந்தாள். மத்தியானம் தூக்கம். சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் புடவை காட்டிக்கொண்டிருந்தாள், ஞாயிற்றுக்கிழமை கட்டப்போவதாம்.

ஃபேக்டரி ஷீட்டில் நெகட்டிவ் என்று எழுதக் கை வரவில்லை. 'இல்லை' என்று எழுதினேன். மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கர்த்தரே, வாயைக் கட்ட வேண்டிய நாளில் அவிழ்த்துவிட்டீர். திறக்க வேண்டிய நாளில் கட்டிப்போட்டீர். இதற்கு என்ன ஸ்தோத்திரம் சொல்வது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

மழை. எ. இருமினாள். கைக்குட்டையில் ரத்தம். மடித்து மறைத்தாள். நானும் பார்க்காதது மாதிரி பேப்பரைத் திருப்பினேன்.

டாலஸ் டிக்கெட் இனி கிடைக்குமா. கிடைத்தாலும் என்றைக்கு. நாள் போகிறது, நாள் போகிறது.

ஜூன் 15, சனி

காலை எட்டு மணி. எ. சாட்சியை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் டீச்சர், எழுதிப் பார்க்காமல் பேச மாட்டாள். அந்தப் புரோட்டீன் பேர் என்ன, தப்பில்லாமல் சொல்ல வேண்டும் என்றாள்.

சொன்னேன். பேர் மட்டும் இல்லை, எல்லாம். வாட்ச்மேன், பாஸ், சத்து மாத்திரைப் பொய் வரைக்கும்.

"அப்ப அது எனக்கு இருந்திருந்தா நல்லதா?"

ஆமாம் என்றேன்.

"அஞ்சு நாளா தெரிஞ்சிக்கினே நான் துன்றத பாத்துக்கினு இருந்தீங்களா?"

கையைப் பிடிக்கப் போனேன், உதறினாள். காபி ஆறி ஏடு படிந்தது. நாளைக்குச் சாட்சி இல்லை என்று ஐயரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றாள். சரி என்றேன். அப்புறம் ஜெனிக்குப் போன் போடச் சொன்னாள். போட்டதும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"ஜெனி, லீவு கேட்டு வந்துடுடி."

அந்தப் பக்கம் அழுகையும் கேள்வியுமாக. விசா, வேலை, நெகட்டிவ் என்று எனக்கே கேட்டது.

"பாய்லர் சத்தத்துல நைனாவுக்குச் சரியா காதுல வுழல," என்றாள் எ. "நீ வா."